எம் மோடில் படம் கறுப்பாக வருகிறது, புது லென்ஸ் வாங்கலாமா?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் கேனான் 1500டி கேமராவை 18-55 லென்ஸோடு வாங்கினேன். ஆட்டோவில் படங்கள் நன்றாக வருகின்றன. எல்லாவற்றையும் நாமே அமைக்க வேண்டிய எம் (மேனுவல்) மோடுக்கு மாற்றினால், வீட்டுக்குள் எடுப்பதெல்லாம் கறுப்பு. படத்தில் மணல்மணலாகப் புள்ளி விழக் கூடாதே என்று ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற எண்) 100-லேயே வைத்திருக்கிறேன், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 நொடி. அண்ணன் மகளின் பிறந்தநாளில் ஒரு படம்கூடத் தேறவில்லை. கேமராவில் கோளாறா? கடையில் 75-300 லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த லென்ஸ் வேண்டாம். கேமராவிலும் கோளாறு இல்லை. 1/500, ஐஎஸ்ஓ 100 என்பவை மொட்டைமாடி வெயிலுக்கான எண்கள். ராத்திரி டியூப்லைட் வெளிச்சம் அந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. நம் கண் பழகிக்கொள்வதால் அந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. ஆட்டோவில் வெளிச்சம் போதாவிட்டால் ஃபிளாஷ் தானாக எழும்பி அடிக்கும். எம் மோடில் பொத்தானை அழுத்தினால்தான் எழும்பும். உங்களுக்குக் குழப்பம் வந்தது இதனால்தான்.

முதலில் ஐஎஸ்ஓ பயத்தை விடுங்கள். 1600-ல் லேசாகப் புள்ளி தெரியும். அஞ்சலட்டை அளவில் அச்சிட்டால் அதைத் தேடிக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தையின் முகமே கலங்கிப் போன படத்தை எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது.

அப்புறம், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் அடியில் ஓர் அளவுகோல் இருக்கிறதே, அதைப் பாருங்கள். நடுவில் பூஜ்யம், இரு பக்கமும் எண்கள். குறி இடது ஓரத்தில் ஒட்டிக்கிடந்தால் படம் இருட்டு. உங்கள் கேமராவில் சக்கரம் ஒன்றுதான். சும்மா சுழற்றினால் ஷட்டர் மாறும். பின்பக்கம் 'ஏவி' என்று எழுதிய பொத்தானை அழுத்திக்கொண்டே சுழற்றினால் அபெர்ச்சர், அதாவது லென்ஸ் திறக்கும் அளவு, மாறும். அதை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் சிறிதானால் திறப்பு பெரிது.

நாளைக் காலை ஜன்னலோரம் ஒரு எவர்சில்வர் சொம்பை வையுங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6. ஷட்டரை 1/1000-ல் தொடங்கி ஒவ்வொரு கிளிக்காகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுங்கள். சொம்பு இருட்டிலிருந்து மெல்ல வெளியே வந்து, கடைசியில் பளீரென்று வெளுத்துப்போகும். எந்தப் படத்தின்போது குறி எங்கே நின்றது என்று கவனித்து வாருங்கள். அடுத்து, ஓடுகிற மின்விசிறியை 1/1000-லும் 1/30-லும் எடுங்கள். ஒன்றில் இறக்கைகள் அப்படியே நிற்கும், மற்றதில் கலங்கி ஓடும். ஐஎஸ்ஓவை மட்டும் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்குங்கள். ஷட்டர் என்றால் என்ன என்பது பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. குறி நடுவில் நின்றால் மட்டும் போதாது. கேமரா எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாகவே எண்ணிக்கொள்ளும். வெள்ளை வேட்டி கட்டிய தாத்தா அதனால் அழுக்காகத் தெரிவார். குறியை வலப்பக்கம் ஒன்றுக்குத் தள்ளுங்கள். கறுப்புப் பட்டுப்புடவை என்றால் இடப்பக்கம்.

டியூப்லைட் வெளிச்சத்தில் லென்ஸை 18-ல் (ஜூம் செய்யாத அகல முனையில்) வைத்து, எஃப் 3.5, 1/50, ஐஎஸ்ஓ 1600-ல் ஆரம்பியுங்கள். 55 வரை ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் ஜூமைத் திருகாமல் காலால் நடந்து கிட்டே போங்கள்.

இப்போது 75-300. இதன் கடைசி முனையிலும் எஃப் 5.6-தான். இந்த வகை கேமராவில் 300-ல் கை நடுங்காமல் எடுக்க 1/500 வேண்டும். ஆக, படத்தைக் கறுப்பாக்கிய அதே 1/500-க்குத்தான் காசு கொடுத்துத் திரும்பி வருவீர்கள். உங்கள் 18-55-ன் ஐஎஸ் மாடலில் இருப்பதுபோல நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் இதில் கிடையாது. பறவை, விளையாட்டு மைதானம் என்றால் யோசிக்கலாம். பிறந்தநாள் வீட்டுக்கு இது உதவாது.

ஒரு மாதம் இருக்கிற லென்ஸோடு பழகுங்கள். அதற்குப் பிறகும் ராத்திரி வெளிச்சம் போதவில்லை என்றால், 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸை வாங்குங்கள். 18-55-ஐ 55-ல் வைத்தால் கிடைப்பதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் இதில் ஜூம் இல்லை. சின்ன ஹாலில் நாலு பேரை அடக்க முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போக வேண்டியிருக்கும். அதனால் வாங்கும் முன் 18-55-ஐ 50-ல் வைத்து, வீட்டில் ஒரு சாயங்காலம் முழுக்க ஜூமைத் தொடாமல் எடுத்துப் பாருங்கள். அந்த நெருக்கம் ஒத்துவந்தால் உங்கள் கேமராவையே கடைக்குக் கொண்டுபோய், அங்கேயே மாட்டி நாலு படம் எடுத்துவிட்டு, லென்ஸின் வரிசை எண் எழுதிய பில்லும் இந்திய வாரண்டியும் உண்டா என்று பார்த்துப் பணம் கொடுங்கள்.