ஆஃப்ரோடு வண்டியின் டயரை வீட்டிலேயே கையால் மாற்றுவது: கேள்வி பதில்

எக்ஸ்பல்ஸ், பழைய ஹிமாலயன் போன்ற ஸ்போக்ஸ் சக்கர பைக்குகளில் முன்னால் 21 அங்குலமும் பின்னால் 17 அல்லது 18 அங்குலமும் கொண்ட டியூப் டயர்களை இயந்திரம் இல்லாமல் கழற்றி மாட்டுவது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஈரோடு: பஞ்சர் கடைக்காரர் சில நிமிடங்களில் முடிக்கும் வேலை எனக்கு அரை நாள் ஆகிறது. கடைசி அரை அடி டயர் ரிம்முக்குள் போகவே மறுக்கிறது. இன்னும் நீளமான லீவர் வாங்க வேண்டுமா ஐயா?

வேண்டாம். நீளமான லீவர் உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது. ரிம்மை வளைக்க மட்டுமே உதவும். டயரின் உள்விளிம்பில், அதாவது கடைகளில் பீடிங் என்று சொல்லும் பகுதியில், எஃகுக் கம்பி ஓடுகிறது. அது இழுத்தால் நீளாது. ரிம்மின் வெளி உதட்டின் விட்டமோ பீடிங்கின் விட்டத்தைவிடப் பெரியது. அப்படியிருந்தும் டயர் ஏறி இறங்குகிறதென்றால், ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஓடும் பள்ளம்தான் அதற்குக் காரணம். ஒரு பக்கத்துப் பீடிங் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால் எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கிறது. பள்ளத்திலிருந்து ஏறி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்தத் தளர்வு முழுவதும் போய்விடுகிறது.

உங்களுக்கு நடப்பது இதுதான். கவனம் முழுவதும் லீவர் இருக்கும் இடத்தில் இருக்கும்போது, எதிர்ப்பக்கம் சத்தமில்லாமல் மேலே ஏறி ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே லீவர் கனக்கத் தொடங்கிய உடனே கையை நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கத்தில் முழங்காலை ஊன்றி, இரு கைகளாலும் டயரின் பக்கச்சுவரைச் சுற்றிலும் அழுத்திப் பீடிங்கைப் பள்ளத்துக்குள் தள்ளுங்கள். அதன் பிறகு அதே லீவர், அதே இடத்தில், ஒரு கையால் சாயும். கடைக்காரரிடம் இருப்பது பலமல்ல. எதிர்ப்பக்கத்தைக் காலால் மிதித்துக்கொண்டே வேலை செய்யும் பழக்கம்.

கோயம்புத்தூர்: நான் 48 கிலோ எடையுள்ள பெண். தனியாக எக்ஸ்பல்ஸ் ஓட்டுகிறேன். பின்சக்கரத்தை என்னால் மாற்ற முடியுமா அண்ணா?

முடியும். முந்தைய பதிலில் சொன்னதை உடல் எடை குறைவானவர்கள்தான் சரியாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பது நான் கவனித்தது. பலமுள்ளவர்கள் இழுத்தே முடித்துவிடலாம் என்று நினைத்து டியூபைக் கிழித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு உண்மையில் சிரமம் தரக்கூடியவை இரண்டு.

முதலாவது, வண்டியைத் தூக்கி நிறுத்துவது. எக்ஸ்பல்ஸில் சென்டர் ஸ்டாண்ட் இல்லாததால், இன்ஜினுக்கு அடியிலுள்ள பாதுகாப்புத் தகட்டின் கீழே உறுதியான மரப்பெட்டியோ சிறிய ஜாக்கியோ வைத்து, வண்டி முன்னால் உருளாதபடி முன் பிரேக் லீவரை ரப்பர் பட்டையால் கட்டிவிடுங்கள். முதல் சில முறை ஒருவரை வண்டியைப் பிடிக்கச் சொல்வது நல்லது.

இரண்டாவது, ரிம்மில் ஒட்டியிருக்கும் பீடிங்கை விடுவிப்பது. காற்றை முழுவதும் இறக்கி, வால்வுக்குள் காற்றை அடைத்து வைக்கும் பின்னையும் கழற்றிய பிறகு, டயரின் மேல் இரு குதிகால்களாலும் ரிம்மை ஒட்டி ஏறி நின்றால் பெரும்பாலான டியூப் டயர்கள் விட்டுவிடும். விடாத பழைய டயருக்கு, தச்சர்கள் பயன்படுத்தும் சி வடிவக் கிளாம்ப் ஒன்றை டயரின் இரு பக்கச்சுவர்களையும் சேர்த்து இறுக்கினால் போதும்; அதற்கு எடை தேவையே இல்லை.

சேலம்: எந்தெந்தக் கருவிகள் அவசியம்?

கரண்டி போல நுனி வளைந்த டயர் லீவர் 3, வால்வு பின் கழற்றி, ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், டார்க் ரெஞ்ச் (நட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவுவது), காற்று பம்ப், பிரஷர் கேஜ், சோப்புத் தண்ணீர், டால்கம் பவுடர். கீழே போட ஒரு பழைய கார் டயர்: அதன் மேல் சக்கரத்தைப் படுக்க வைத்தால் டிஸ்க்கும் ஸ்பிராக்கெட்டும் தரையில் படாது. ஸ்குரூ டிரைவரை லீவராகப் பயன்படுத்த வேண்டாம். கூர்மையான அதன் நுனி டியூபைத் தேடிப்பிடித்துக் குத்தும்.

மதுரை: டயரை எந்த இடத்தில் கழற்றத் தொடங்க வேண்டும், மாட்டும்போது எங்கே முடிக்க வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ரிம் லாக் (டயர் ரிம்மின் மேல் நழுவாமல் பிடிக்கும் கட்டை, பின்னால் வருகிறது) இல்லாத வண்டியில் இரண்டுக்கும் விடை வால்வுதான். வால்வு இருக்கும் இடத்தில் நடுப்பள்ளத்தை டியூபின் தடித்த அடிப்பகுதி அடைத்துக்கொள்கிறது; அங்கே பீடிங் முழுவதாக இறங்காது. எனவே இறங்க வேண்டிய பக்கம் வால்வுக்கு எதிரேயும், லீவர் போடும் பக்கம் வால்வை ஒட்டியும் இருக்க வேண்டும். கழற்றும்போது வால்வருகே தொடங்குங்கள். மாட்டும்போது வால்வுக்கு எதிரே தொடங்கி, இரு பக்கமும் சமமாக வந்து, வால்வருகே முடியுங்கள்.

மாட்டும் வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டயரின் முதல் பக்கம் சோப்புத் தண்ணீர் பூசினால் பெரும்பாலும் கையாலேயே இறங்கிவிடும். அதன் பிறகு டியூபுக்குப் பவுடர் தடவி, அது வட்ட வடிவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்றை ஊதி உள்ளே வையுங்கள். முழுக்கத் தட்டையான டியூப் லீவரின் கீழே மடிந்து சிக்கும். அதிகம் ஊதிய டியூப் பீடிங்கைப் பள்ளத்துக்குள் இறங்க விடாது. வால்வைத் துளையில் நுழைத்து நட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் பாதிக்கு மேல் முழங்காலாலேயே இறங்கும். அதற்குப் பிறகு லீவருக்கு ஒரு தடவைக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். லீவரின் நுனி ரிம் உதட்டைக் கவ்வினால் போதும், அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது; நிமிர்ந்த நிலையைத் தாண்டி அதைச் சாய்க்கவும் கூடாது, ஏனெனில் அந்தக் கட்டத்தில்தான் நுனி டியூபைத் தொடுகிறது. கடைசி ஒரு சாண் வந்ததும் வால்வை உள்ளே தள்ளிப் பாருங்கள். அது தடையில்லாமல் உள்ளே போய்த் திரும்பினால் டியூப் பீடிங்கின் கீழே சிக்கவில்லை என்று பொருள். போகாவிட்டால் அந்த இடத்தை மீண்டும் எடுத்துவிட்டுச் சரிசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

திருநெல்வேலி: புது டியூப் போட்டு மறுநாளே காற்று இறங்கிவிட்டது. டியூபில் குறையா, என் கையில் குறையா?

துளை எங்கே இருக்கிறதென்று பார்த்தால் தெரிந்துவிடும். டியூபைக் கழற்றுவதற்கு முன்பே டயரிலும் டியூபிலும் வால்வுக்கு நேராகச் சாக்பீஸால் குறி வையுங்கள். பிறகு டியூபை ஊதித் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

தரையைப் பார்க்கும் பக்கத்தில் ஒற்றைத் துளை இருந்தால் முள் அல்லது ஆணி. குறியை வைத்து டயரில் அதே இடத்தை உள்பக்கமாகத் துணியால் தடவிப் பாருங்கள், வெறும் விரலால் அல்ல. கருவேல முள் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்காமல் எத்தனை டியூப் போட்டாலும் நிற்காது. ரிம்மைப் பார்க்கும் பக்கத்தில் துளை இருந்தால் ஸ்போக்ஸ் நிப்பிளின் (ஸ்போக்ஸை ரிம்மோடு இணைக்கும் சிறு நட்டு) மேல் போடும் ரிம் டேப் விலகியிருக்கிறது அல்லது மக்கியிருக்கிறது. ஸ்போக்ஸ் முனை நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அரம் வைத்து ராவிவிட்டுப் புது டேப் போடுங்கள். பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு துளைகள் இருந்தால், ஒன்று லீவர் கிள்ளியது, இல்லையென்றால் காற்றுக் குறைவாக இருந்தபோது கல்லில் மோதி ரிம்முக்கும் டயருக்கும் இடையே டியூப் நசுங்கியது. மாட்டிய மறுநாளே இறங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பதால், கல்லில் மோதிய நினைவு இல்லாவிட்டால், லீவரின் மேல்தான் சந்தேகப்படுவேன். வால்வின் அடிப்பாகம் கிழிந்திருந்தால் அது வேறு கதை. அடுத்த பதிலில் வருகிறது.

நாமக்கல்: கொல்லிமலையில் மேலே மண்பாதைகளில் ஓட்டும்போது காற்றை எவ்வளவு குறைக்கலாம்? ரிம் லாக் தேவையா?

மோட்டோகிராஸ் பந்தயங்களில் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை வைத்து ஓட்டுகிறார்கள். அவர்களது சக்கரத்தில் ரிம் லாக் இருக்கிறது, டியூபும் தடித்தது, வண்டியும் லேசானது. பயண வண்டியில், ரிம் லாக் இல்லாமல், கல் நிறைந்த பாதையில் 20-க்குக் கீழே போக நான் சொல்ல மாட்டேன். அதற்கும் கீழே போனால் கல் அடியில் டியூப் நசுங்குவதோடு, பிடிப்புள்ள இடத்தில் வேகம் கொடுக்கும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ ரிம்மின் மேல் டயர் நழுவிச் சுழலும். டயர் தன்னோடு டியூபையும் இழுத்துச் செல்ல, வால்வு மட்டும் ரிம் துளையில் மாட்டிக்கொண்டு வேரோடு கிழியும். அதற்கு ஒட்டுப் போட முடியாது.

இதனால்தான் மண்பாதைக்காரர்கள் வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல், மேலே ஏற்றி மூடியோடு சேர்த்து இறுக்குகிறார்கள். டயர் நழுவினால் வால்வு சாய்ந்து நின்று அதைக் காட்டிக்கொடுக்கும். சாய்ந்த வால்வைப் பார்த்தால் காற்றை இறக்கி டயரைத் திருப்பி நேராக்க வேண்டும்.

ரிம் லாக் என்பது பீடிங்கை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் ரப்பர் பூசிய சிறு கட்டை. மாதத்துக்கு ஒரு முறை மண்பாதைக்குப் போகிறவருக்கு அது தேவையில்லை. போட்டிருந்தால், டயர் மாட்டும்போது அதன் நட்டைத் தளர்த்தி, கட்டையை உள்ளே அழுத்தி, பீடிங் அதன் கீழே போகிறதா என்று ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். எப்படியானாலும், மலையிலிருந்து இறங்குவதற்கு முன் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குக் காற்றை ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் காற்றுக் குறைந்த முன்டயரோடு பிரேக் பிடித்துக்கொண்டே வருவது புத்திசாலித்தனமல்ல.

தஞ்சாவூர்: சோப்புக்குப் பதில் இன்ஜின் ஆயில் அல்லது கிரீஸ் போடலாமா?

கூடாது. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்ப வைத்துப் பலவீனப்படுத்தும். காயாமல் அப்படியே இருந்து டயரை ரிம்மின் மேல் நழுவவும் விடும். டிஸ்க்கில் ஒரு துளி பட்டால் பிரேக் போய்விடும். பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துப் பயன்படுத்துங்கள், வேலை முடிந்ததும் ரிம்மை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஆயிலைவிடப் பெரிய உதவி வெயில். மாட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் டயரை மொட்டை மாடியில் போட்டால், விறைத்த பக்கச்சுவர் கைக்கு அடங்கும்.

யாழ்ப்பாணம்: பழைய ஹொண்டா பாஹா வைத்திருக்கிறேன். கடையில் வாங்கிய புது ரயர் கல்லு மாதிரி விறைப்பாக இருக்கிறது. ரியூப்பும் அதோடேயே வாங்கினேன். போடலாமா?

முதலில் அது உண்மையிலேயே புதிதா என்று பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் குறியீடு நான்கு இலக்கங்களில் முடியும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். 1817 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன்களின் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) அடியில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, நகத்தால் அழுத்தும்போது ரப்பர் கொஞ்சமும் கொடுக்காவிட்டாலோ, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஆண்டு அண்மையதாக இருந்தால் அந்த விறைப்பு ஆஃப்ரோடு டயரின் இயல்பு. வெயிலில் போட்டுவிட்டு மாட்டலாம். டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு உங்கள் டயரின் அளவை உள்ளடக்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை: கேடிஎம் 390 அட்வென்ச்சரின் அலாய் சக்கரத்திலும் இதே முறைதானா?

தத்துவம் ஒன்றே, வேலை வேறு. டியூப்லெஸ் ரிம்மில் பீடிங் உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. காற்று இறங்கினாலும் டயர் பள்ளத்தில் விழாமல் காக்க அமைக்கப்பட்ட அந்த மேட்டைத் தாண்டி பீடிங்கை இறக்க, காலால் மிதிப்பது போதாது. மீண்டும் உட்கார வைக்கச் சைக்கிள் பம்ப் உதவாது, வேகமாகக் காற்றைத் தள்ளும் கம்பிரசர் வேண்டும். லீவர் கீறிய அலாய் உதடு காற்றையும் கசியவிடும். இயந்திரம் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள். எரியும் ஸ்பிரேயை உள்ளே அடித்துத் தீ வைத்து டயரை உட்கார வைக்கும் வித்தையை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்து பார்க்காதீர்கள்.

துபாய்: மணல்மேட்டில் ஓட்டும் வண்டிக்கு டியூபுக்குப் பதில் மூஸ் போடலாமா?

போடலாம், அந்த வண்டியைத் தார்ச் சாலையில் வேகமாக ஓட்டுவதில்லை என்றால். மூஸ் என்பது காற்றுக்குப் பதில் டயரை நிரப்பும் நுரை வளையம்; பஞ்சரே ஆகாது, ஆனால் நெடுஞ்சாலைச் சூட்டில் சிதைந்துவிடும். தயாரிப்பாளர் தரும் ஜெல்லைத் தாராளமாகப் பூச வேண்டும். பீடிங்கைப் பள்ளத்தில் இறக்க நுரையே தடுப்பதால், இங்கே சொன்ன வேலைகளிலேயே கடினமானது இது. முதல் முறை அனுபவமுள்ள ஒருவரோடு செய்யுங்கள்.

திண்டுக்கல்: டயர் மாட்டிய பிறகு வண்டியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை?

சக்கரத்தை ஏற்றுவதற்கு முன்பே டயரின் பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சுழலும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தவறவிட்டு எல்லாவற்றையும் மறுபடி கழற்றுகிறவர்கள் ஏராளம். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வை ஒட்டி வர வேண்டும். காற்றை ஏற்றி, முழுவதும் இறக்கி, மீண்டும் ஏற்றினால் டியூபின் மடிப்புகள் விரியும். ரிம் உதட்டை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அது உள்ளே அமிழ்ந்திருந்தால் அங்கே சோப்புத் தண்ணீர் விட்டு, டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் காற்றை ஏற்றுங்கள். பீடிங் ‘டப்’ என்ற சத்தத்தோடு உட்காரும்.

சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை யாரும் அழுத்தக் கூடாது. பேடுகளுக்கு நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள். ஆக்சிலின் இரு பக்க ஸ்பேசர்களும் ஒரே நீளமாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதால் கழற்றும்போதே படம் எடுத்துவைப்பது நல்லது. ஏபிஎஸ் சென்சாரின் வளையத்தில் லீவரோ டிஸ்க் போல்ட்டோ உரசியிருக்கக் கூடாது. செயின் தளர்வைக் கையேட்டின்படி வைத்து, ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன் இரண்டு பிரேக்குகளையும் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள். பேடுகள் பின்வாங்கியிருப்பதால் முதல் அழுத்தம் வெறுமையாகப் போகும், அதைத் தெருமுனையில் தெரிந்துகொள்ளக் கூடாது. மறுநாள் காலையில் ஓட்டுவதற்கு முன் காற்றை ஒருமுறை அளந்து பாருங்கள்.