பாதி ஆட்டங்களில் தோற்ற சிகாகோ ஸ்கை அணி 2021-இல் கோப்பை வென்றது எப்படி?

அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் வழக்கமான ஆட்டங்களில் பெற்ற 16 வெற்றி, 16 தோல்வி என்ற கணக்கு அந்த அணியின் உண்மையான வலிமையைக் காட்டவில்லை என்பதே என் கருத்து. அவ்வாண்டு சொந்த ஊர்ப் பக்கம் திரும்பிவந்து இந்த அணியில் சேர்ந்த வீராங்கனை கேண்டஸ் பார்க்கர், தொடக்கத்திலேயே கணுக்கால் காயத்தால் ஒதுங்க நேர்ந்தபோது, சிகாகோ தொடர்ச்சியாக ஏழு ஆட்டங்களில் தோற்றது; அவர் மீண்டதும் அணி நிமிர்ந்தது.

ஆறாம் இடத்திலிருந்து கோப்பைக்கான பிளேஆஃப் (வெளியேற்றுச்) சுற்றில் நுழைந்து, டாலஸ், மினசோட்டா அணிகளை ஒற்றை ஆட்டங்களில் வெளியேற்றியபின், 26 வெற்றிகளுடன் முதலிடம் பிடித்திருந்த கனெக்டிகட்டை அரையிறுதித் தொடரில் 3-1 என்ற ஆட்டக் கணக்கில் வீழ்த்தியதுதான், இறுதித் தொடரைவிடவும், கடினமான கட்டம். அந்த அரையிறுதித் தொடரின் முதல் ஆட்டமே இரண்டு கூடுதல் நேரங்கள் வரை இழுத்தது.

இறுதித் தொடரில் எதிரணி ஃபீனிக்ஸ். அக்டோபர் 17 அன்று நான்காம் ஆட்டத்தில் பின்தங்கியிருந்த சிகாகோ, கடைசி நிமிடங்களில் பார்க்கர் எறிந்த மூன்று புள்ளிப் பந்தால் 72-72 எனச் சமன்செய்து, 80-74 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அன்று சிகாகோவின் அலி குவிக்லி 26 புள்ளிகள் குவித்தார். தொடரின் சிறந்த வீராங்கனை விருது அதே அணியின் கலியா காப்பருக்குச் சென்றது.