மண்ணில் ஒட்டிக்கொள்ளும் நஞ்சு நிலத்தடி நீரில் எப்படி வெகுதூரம் போகிறது?

ஈயம், புளூட்டோனியம் எல்லாம் நீரில் எளிதில் கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்பவைதான். சரி, ஒட்டிக்கொண்ட அந்த மண்ணே நகர்ந்தால்?

களிமண், துரு, மட்கு ஆகியவற்றின் 1 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துணுக்குகள் (கூழ்மத் துகள்கள்) லேசில் படியாமல் நீரோடு மிதந்து போகும். எடையைப் பார்க்க மேற்பரப்பு மிக அதிகம் என்பதால் நஞ்சு அவற்றில் ஏறிக்கொள்ளும். துகளிலும் மணலிலும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம்தான். ஒன்றையொன்று தள்ளுவதால் துகள் சிக்காமல் நழுவிவிடும். உப்பு நீரில் இந்தத் தள்ளல் தளர்ந்து துகள்கள் படியும். அப்புறம் மழைநீர் இறங்கி உப்பு குறைந்தால் மறுபடி கிளம்பும். எனக்கு அதுதான் கவலை.

அமெரிக்காவின் நெவாடாவில் 1968இல் நிலத்தடியில் வெடித்த அணுகுண்டின் புளூட்டோனியம், 1.3 கி.மீ. தள்ளி நிலத்தடி நீரில் இப்படித் துகள்களில் ஒட்டியபடி கிடைத்தது.