விற்ற வண்டிக்கு அபராதம் வருகிறது: கட்டலாமா, வேண்டாமா?

கேள்வி: திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். என் 2017 மாடல் ஸ்கூட்டரை இரண்டு வருடம் முன்னால் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு டூவீலர் கன்சல்டிங்கில் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டேன். ஆர்.சி. புக்கையும் கொடுத்து, அவர்கள் நீட்டிய பேப்பர்களில் கையெழுத்தும் போட்டேன். இப்போது கோவை காந்திபுரத்தில் ஹெல்மெட் போடவில்லை என்று இரண்டு முறை, மூன்று பேர் போனதாக ஒரு முறை என் போனுக்கு அபராதம் வந்திருக்கிறது. மொத்தம் 3,000 ரூபாய். கன்சல்டிங்கில் கேட்டால், "நீங்க கட்டி விட்டுடுங்ணா, பேரை நாங்க மாத்திக்கறமுங்" என்கிறார்கள். கட்டினால் பிரச்சினை முடியுமா? கட்டாவிட்டால் போலீஸ் வருமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். கட்டினாலும் பிரச்சினை முடியாது. ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கிறவரைக்கும் அந்த வண்டி எங்கே சிக்கினாலும் மெசேஜ் உங்களுக்குத்தான் வரும். போலீஸ் வீட்டுக்கு வந்து பிடித்துப் போகுமோ என்ற பயம் வேண்டாம். ஹெல்மெட் அபராத பாக்கிக்காக அப்படி யாரும் வருவதில்லை. நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். வந்திருப்பது உண்மையான சலான்தானா? வாட்ஸ்அப்பில் "ஆர்.டி.ஓ. சலான்" என்று ஒரு ஃபைல் அனுப்புகிறார்கள். பெயர் ஏ.பி.கே. என்று முடியும். அதைத் திறந்து ஏற்றிவிட்டால் உங்கள் போன் அவர்கள் கைக்குப் போய்விடும், வங்கிக் கணக்கும் சேர்ந்து. ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். மெசேஜில் வரும் லிங்க் எதையும் தொடாமல், அரசின் இ-சலான் பரிவாகன் தளத்தை நீங்களே திறந்து வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். சேசிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி எண்களைக் கேட்கும். ஆர்.சி. கையில் இல்லாவிட்டாலும் வீட்டில் கிடக்கும் பழைய இன்சூரன்ஸ் பேப்பரில் அது இருக்கும். படம் போட்டிருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். நம்பர் உங்களுடையது, ஆனால் வண்டி வேறு என்றால் அது போலி நம்பர் பிளேட். அதற்கு நேராகப் போலீஸ் புகார்தான் வழி.

உங்கள் வண்டியேதான் என்றால், சட்டம் இப்படி இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர். பணம் யார் கொடுத்தார், சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு சொல்கிறது. விற்றதைத் தெரிவிப்பது படிவம் 29. பெயர் மாற்றக் கேட்பது படிவம் 30. நீங்கள் கன்சல்டிங்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேப்பர்கள் பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும். (கடன் பாக்கி உள்ள வண்டி, வெளிமாநிலத்துக்குப் போகும் வண்டி, உரிமையாளர் இறந்துபோன வண்டி ஆகியவற்றுக்கு நடைமுறை கொஞ்சம் மாறும். உங்களுக்கு அது தேவையில்லை.)

சரி, பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அது விபத்து. உங்கள் பெயரில் இருக்கும் வண்டி நாளைக்கு யார் மீதாவது மோதி, அந்த நேரத்தில் இன்சூரன்ஸ் இல்லை என்றால், நஷ்டஈடு கேட்டு வரும் வழக்கில் எதிர்மனுதாரர் நீங்கள். பல கை மாறிய வண்டியாக இருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே பேசப்படுவது ஆயிரங்கள் அல்ல, லட்சங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்ற புது டூவீலர்களுக்காவது ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று இருக்கிறது. உங்களுடையது அதற்கு முந்தைய வண்டி. வருடா வருடம் யாராவது நினைவு வைத்துப் புதுப்பித்திருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர் அதைச் செய்திருப்பார் என்று நான் நம்பத் தயாரில்லை. எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும் என்று காட்டும். இன்றைக்கே பாருங்கள்.

இப்போது கன்சல்டிங்காரர்கள். வாங்கியவரைக் கூடவே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அழைத்துப் போய்ப் பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று எங்கே பார்த்தாலும் பரவலாக நடப்பது வேறு. படிவம் 29-ல் வாங்குபவர் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, விற்ற தேதி எல்லாம் எழுத வேண்டும். அந்த இடங்களைக் காலியாக விட்டு, அடியில் உங்கள் கையெழுத்தை மட்டும் வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிடுவார்கள். ஏன் தெரியுமா? ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் ஆர்.சி.யில் ஒரு ஓனர் கூடும். செகண்ட் ஓனர், தேர்ட் ஓனர் என்று ஆனால் வண்டி விலை இறங்கும். அதனால் இடையில் நாலு பேர் ஓட்டினாலும் பேப்பரில் உங்களிடமிருந்து கடைசி ஆளுக்கு நேராக விற்றதாகக் காட்டுவார்கள். அந்தக் கடைசி ஆள் வருகிறவரைக்கும் சுமை உங்கள் தலையில். விபத்து வழக்கு ஒன்றில் அப்படிப்பட்ட படிவம் ஒன்றைப் பார்த்தேன். கையெழுத்து வெளிறிப்போன நீல மை, வாங்கியவர் பெயர் புத்தம்புதுக் கறுப்பு மை, தேதியின் மேலேயே இன்னொரு தேதி. விற்றவருக்கு ஆதாரமாகக் கொண்டுவந்த தாள் அது. குறுக்கு விசாரணையில் அவருக்கு எதிராகவே திரும்பிவிட்டது.

டூவீலர் பெயர் மாற்றத்துக்கு மத்திய விதிப்படி கட்டணம் 150 ரூபாய். கார்டுக்கும் சேவைக்கும் தனியாகக் கொஞ்சம் ஆகும். இந்தத் தொகையையும் மிச்சம் பிடித்து, வண்டி விலையும் இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் ஒரு குடும்பத்தையே நஷ்டஈட்டு வழக்கில் தள்ளுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கன்சல்டிங்கில் அடுத்து ஒரு பதில் சொல்வார்கள்: "புது ரூல் வந்திருக்குதுங்ணா, வண்டிய எங்ககிட்ட விட்டா பொறுப்பு எங்களுதுங்." இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்தே ஏமாற்றுவதால் இதை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வண்டி விற்கும் டீலர்களுக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. அதன்படி டீலர் உங்களுக்குப் பதிலாக உரிமையாளராகக் கருதப்படுவார் என்பது உண்மை. ஆனால் எப்போது? முதலில், அந்தக் கடைக்காரர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. நம்பர், கடை போர்டு, விசிட்டிங் கார்டு எதுவும் அந்தச் சான்று ஆகாது. அடுத்து, வண்டியை ஒப்படைத்ததற்கான படிவம் 29சி-யை நீங்களும் அவரும் சேர்ந்து பரிவாகன் தளத்தில் ஆன்லைனில் பதிந்திருக்க வேண்டும். பதிந்தால் ஒரு ஒப்புகை எண் வரும். அது உருவான நேரத்திலிருந்துதான் பொறுப்பு அவருக்குப் போகிறது. டெலிவரி நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கினாலும், நோட்டரி முத்திரை வைத்தாலும் 29சி ஆகிவிடாது. இன்னொன்றும் இருக்கிறது. அப்படி ஒப்படைத்த வண்டியை டீலர்கூட ஊர் சுற்ற ஓட்ட முடியாது. வாங்க வருகிறவருக்கு ஓட்டிக் காட்ட, சர்வீஸ், பழுது, பெயின்ட் வேலைக்கு, ஆய்வுக்கு என்று சிலவற்றுக்கு மட்டும்தான், அதையும் பதிவேட்டில் எழுதிவைத்து. ஆகவே "புது ரூல்" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "29சி ஒப்புகை எண் என்னங்க?" எண்ணைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் சலான்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பேச்சை மாற்றினால் அந்த விதி உங்களுக்குப் பொருந்தவில்லை, பழையபடி நீங்கள்தான் உரிமையாளர்.

இனி அந்த 3,000 ரூபாய். 2022 அக்டோபரில் தமிழக அரசு அபராதத்தை உயர்த்திய பிறகு ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய். முன்பு 100-ஆக இருந்தது. கன்சல்டிங்காரர் ஏன் உங்களைக் கட்டச் சொல்கிறார்? சலான் பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நகராது. வாங்க வருகிறவரும் போனிலேயே நம்பரைப் போட்டுப் பாக்கியைப் பார்த்துவிடுவார். நீங்கள் கட்டிவிட்டால் வண்டி சுத்தமாகிவிடும், உங்கள் பெயர் அப்படியே இருக்கும். அந்தப் பாக்கிதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. பெயர் மாற்ற விண்ணப்பிக்கும் நாளில், உங்கள் கண்முன்னால், வாங்கியவரோ கன்சல்டிங்காரரோ கட்டட்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கோர்ட்டிலிருந்து சம்மனோ நோட்டீஸோ வந்தால் சும்மா இருக்கக் கூடாது. தேதி தவறாமல் ஆஜராகி, வண்டியை விற்றுவிட்டேன் என்பதை ஆதாரத்தோடு சொல்ல வேண்டும்.

கடிதம் இரண்டு எழுதுங்கள். ஒன்று ஆர்.டி.ஓ.வுக்கு. உங்கள் நம்பர் டி.என். 39 என்றால் திருப்பூர் வடக்கு, 42 என்றால் தெற்கு. விற்ற தேதி, யாரிடம் கொடுத்தீர்கள், பணம் எப்படி வந்தது, இவற்றோடு படிவம் 29-ஐ முழுதாக நிரப்பி இணைத்து, ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். 14 நாள் தாண்டி வெகு காலம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாமதத்துக்கு ஒரு தொகை கேட்டால் கட்டிவிடுங்கள். அந்தத் தேதியிலிருந்தாவது நீங்கள் தெரிவித்ததற்குச் சாட்சி இருக்கும். இன்னொரு கடிதம், சலான் போட்ட கோவை மாநகரப் போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு. ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்ல வேண்டும் என்கிறது 133-ஆம் பிரிவு. கேட்கும்வரை காத்திருக்காமல், வண்டி யாரிடம் இருக்கிறது என்று நீங்களே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வங்கிக் கணக்கிலோ ஜி-பேயிலோ பணம் வந்திருந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துச் சேருங்கள். நோட்டரி பத்திரத்தைவிட அது பலமான ஆதாரம்.

அலைக்கழிப்பார்கள், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் "இது போலீஸ் போட்ட ஃபைன்" என்பார்கள். போலீஸில் "உங்க பேர்லதானே வண்டி இருக்கு, ஆர்.டி.ஓ.வப் பாருங்க" என்பார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தால் அது சுற்றி மறுபடி அதே ஆர்.டி.ஓ. மேஜைக்கே வரும். சலானும் ஆர்.சி. விவரமும் ஒரே மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய தளங்களில்தான் இருக்கின்றன. ஹெல்மெட் போடாத நிமிடத்தில் உங்கள் போனைக் கண்டுபிடிக்கும் அமைப்புக்கு, வண்டியை விற்றுவிட்டேன் என்ற உங்கள் கடிதத்தை மட்டும் ஏற்றிக்கொள்ள வழி தெரியாதா? விற்றவர் ஒருவரே ஓ.டி.பி. போட்டுத் தெரிவித்தால் அன்றிலிருந்து சலான் வருவது தானாக நிற்கும்படி ஒரு வசதி செய்ய இத்தனை வருடம் தேவையில்லை. கவுன்சிலரைப் பார்ப்பதில் பயன் இல்லை. இது மாநகராட்சி கையில் இருக்கும் விஷயம் அல்ல.

கன்சல்டிங் வாசலில் நிற்கும் புரோக்கர் யாராவது, "வண்டி திருடு போச்சுன்னு ஒரு புகார் கொடுத்துடுங்ணா, எல்லாம் நின்னுடும்" என்று யோசனை சொல்வார். தயவுசெய்து செய்யாதீர்கள். விற்ற வண்டியைத் திருடு போனதாகச் சொல்வது பொய்ப் புகார், அதுவே தனிக் குற்றம். காசு கொடுத்து வாங்கிய அப்பாவி ஒருவர் ரோட்டில் மடக்கப்படுவார். நடந்ததை நடந்தபடியே எழுதி உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, வாங்குங்கள். நாளைக்கு விபத்து வழக்கு என்று வந்தால், அதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அந்த ரசீது உதவும்.

பெயர் மாற்றும்போது உங்கள் போனுக்கு ஓ.டி.பி. வரலாம். வாங்குகிறவர் பெயர் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் போனில் யாருக்கும் சொல்லாதீர்கள்.

முதல் வேலையாக, விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு கன்சல்டிங்குக்குப் போய், வண்டி இப்போது யாரிடம் இருக்கிறதோ அவருடைய பெயர், முகவரி, ஆதார் நகல் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட காலிப் படிவங்கள் இன்னும் அங்கே இருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். விவரம் கிடைத்தால் ஆர்.டி.ஓ. கடிதத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள். கொடுக்க மறுத்தால் கடைக்காரரின் பெயரையும் கடை முகவரியையும் எழுதி அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுங்கள்.