வாசலோடு திரும்பிவிட்டீர்களே!

வணக்கம். பாரிஸின் சாந்த்-அந்துவான் தெருவில் 'ஓட்டல் தெ சுல்லி' என்ற பெயரைப் பார்த்து, தங்கும் விடுதி என்று நினைத்துத் திரும்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் பதைத்தது. பிரெஞ்சில் பெருந்தனக்காரர்களின் நகர மாளிகைக்கும் 'ஓட்டல்' என்றுதான் பெயர். 1625-இல் கட்டத் தொடங்கிய இதை, பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றியிடம் முன்பு அமைச்சராக இருந்த சுல்லி 1634-இல் வாங்கினார்.

ஊருக்குத் திரும்புமுன் மறுபடி போங்கள். தெருவில் தெரிவது வாயில் மட்டுமே; உள்ளே முற்றம், அதன் பின் மாளிகை, அதற்கும் பின்னால் தோட்டம். முற்றத்தில் நின்று நிமிர்ந்து பாருங்கள்: நிலம், நீர், தீ, காற்று, கூடவே இலையுதிர்காலமும் குளிர்காலமும் புடைப்புச் சிற்பங்களாக நிற்கும். வசந்தமும் கோடையும் தோட்டப் பக்கச் சுவரில். தோட்டத்துக் கோடியில், வலது மூலையில் சிறு கதவு இருக்கிறது; அது நேரே வோஜ் சதுக்கத்தில் கொண்டுபோய் விடும்.