தாத்தாவின் ரெக்கார்டுகளைப் புது பிளேயரில் போடலாமா?

கேள்வி: தாத்தா விட்டுப்போன பெட்டியில் பழைய தமிழ் ரெக்கார்டுகள் நிறைய இருக்கின்றன. மகள் புதிதாக சூட்கேஸ் பிளேயர் வாங்கியிருக்கிறாள். அதில் இவற்றைப் போடலாமா? ஒருவர் பெட்டியோடு வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: போடவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் லேபிளைப் படியுங்கள். 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று போட்டிருந்தால் அநேகமாக அது அரக்குத் தட்டு. கனமாக இருக்கும், வளையாது, கை தவறினால் உடைந்துவிடும். அதன் பள்ளம் அகலமானது. பிளேயரோடு வந்த ஊசி எல்.பி.க்கானது, அதாவது நீண்ட நேரம் ஓடும் வினைல் (பிளாஸ்டிக்) தட்டுக்கானது, முனை மெல்லியது. அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் பாடும், ஊசியும் சீக்கிரம் தேயும். பிளேயரில் 78 என்ற வேகம் இருக்கிறதே என்பீர்கள். வேகம் வேறு, ஊசி வேறு. 78க்கென்று தனி ஊசி உண்டு, உங்கள் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அரிசி அளவு ஊசிக்கும் 15 சதவீத வாட் வரி, அதற்குமேல் கூரியர்காரர் கூலி. வினைல் திரும்பி வந்துவிட்டதென்று பிளேயரை அடுக்கத் தெரிந்த கடைகளுக்கு ஊசி வாங்கி வைக்க மட்டும் தெரியவில்லை.

ஒரு விதிவிலக்கு. 10 அங்குலத் தட்டென்றாலே 78 என்று முடிவு கட்டாதீர்கள். எல்.பி. 1948இல் வந்தது, 1950களில் 10 அங்குல எல்.பி.க்களும் விற்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். லேபிளில் 33⅓ என்றோ லாங் பிளே என்றோ இருந்தால் அது வினைல். அதற்கு மெல்லிய ஊசிதான். தாத்தாவின் சாவி கொடுக்கும் கிராமபோன் வீட்டில் இருந்தால் அதில் மட்டும் வினைலை வைத்துவிடாதீர்கள். அந்த எஃகு ஊசி ஒரே சுற்றில் பள்ளத்தை உழுதுவிடும். லேபிள் கிழிந்திருந்தால்? எடையைப் பாருங்கள். அப்போதும் சந்தேகமென்றால் போடாதீர்கள்.

இனி அந்த வாங்குகிறவர். 'பெட்டியோடு' என்கிறாரே, அதில்தான் சூது. பூஞ்சை பிடித்திருக்கிறது, யார் கேட்பார்கள் என்று மொத்தத்துக்கும் ஒரு விலை சொல்வார். அவர் கண் இரண்டு மூன்று தட்டில்தான் இருக்கும். பிரபலமான சினிமாப் பாட்டுத் தட்டுகள் ஆயிரக்கணக்கில் அடித்தவை, பெரிய விலை போகாது. இந்த ஊர்க் குழுக்கள் பாடிப் பதிவான தட்டுகள் அப்படியல்ல. அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். ஒவ்வொரு லேபிளையும் போனில் படம் எடுத்துப் பட்டியல் போடுங்கள். பட்டியலைப் பார்த்துத் தட்டுவாரியாக விலை சொல்லச் சொல்லுங்கள். மறுத்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 'சும்மா சுத்தம் செய்து தருகிறேன்' என்று எடுத்துப் போகிறவரிடமும் கொடுக்காதீர்கள், திரும்பி வருவது வேறு தட்டாக இருக்கும்.

பூஞ்சையைத் துடைக்க ஸ்பிரிட் தொடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். லேபிளில் படாமல் ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள். டர்பன் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகவேண்டாம்.

எல்.பி.க்களை அந்த சூட்கேஸ் பிளேயரில் போட்டுக் கேட்கலாம். ஆனால் அதன் ஊசி அழுத்திப் பிடிக்கும். அரிய தட்டென்று தெரிந்ததை அதில் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள்.