நீச்சல்குள பம்ப்: மோட்டாரைக் கழற்றும் முன் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள் (கேள்வி பதில்)

நீச்சல்குளங்களுக்குப் பம்ப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். தோட்டத்து வீடு, அடுக்குமாடி, சின்ன ரிசார்ட் என்று எல்லா இடத்திலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்தே பதில் சொல்லிவிட்டேன்.

சார், தோட்டத்தில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் குளம் கட்டுகிறோம். ஆழம் ஒரு முனையில் 1.2, மறுமுனையில் 1.5 மீட்டர். கடைக்காரர் 2 ஹெச்பி போடச் சொல்கிறார், எலக்ட்ரீஷியன் 1 ஹெச்பி போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

எலக்ட்ரீஷியன் பேச்சை. கணக்கு சுலபம்தான். சராசரி ஆழம் 1.35 மீட்டர், அப்படியென்றால் குளத்தில் நிற்பது சுமார் 43,000 லிட்டர். இந்தத் தண்ணீர் முழுவதும் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியாகப் போய் வந்தால் போதும். அதற்கு மணிக்கு 7,200 லிட்டர் தள்ள வேண்டும். குழாய், வளைவுகள், ஃபில்டர் எல்லாவற்றின் தடையையும் சேர்த்து 10 முதல் 12 மீட்டர் ஹெட் (பம்ப் தண்ணீரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றுவதற்குச் சமமான சுமை) வரும். பம்ப்போடு தரும் அட்டவணையில் 12 மீட்டர் ஹெட்டுக்கு நேராக எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். முக்கால் ஹெச்பியிலிருந்து 1 ஹெச்பிக்குள் உங்கள் வேலை முடிந்துவிடும்.

பெரிய பம்ப் போட்டால் தண்ணீர் இன்னும் சுத்தமாகும் என்று பலரும் நினைக்கிறார்கள், நடப்பது தலைகீழ். இந்த அளவுக்கு 500 மி.மீ. மணல் ஃபில்டர் பொருத்தமானது. அதற்குள் 2 ஹெச்பி வேகத்தில் தண்ணீரை அடித்தால் நின்று வடிகட்ட நேரம் ஏது? நுண்ணிய அழுக்கு அப்படியே மணலைத் தாண்டி மறுபடியும் குளத்துக்கு வந்துவிடும், கரண்ட் பில்லும் ஏறும். மிச்சமாகும் பணத்தைக் குழாயில் போடுங்கள். உறிஞ்சும் பக்கம் 63 மி.மீ., வெளியேறும் பக்கம் 50 மி.மீ. பம்ப் வாய்க்குப் பக்கத்திலேயே எல்போ வைக்காமல் கொஞ்ச தூரமாவது நேர்க்குழாய் விடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் யூனியன் (கையால் திருகிக் கழற்றும் குழாய் இணைப்பு), வால்வு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் பம்பைக் கழற்றும்போது குழாயைத்தான் அறுக்க வேண்டி வரும்.

கிணற்றில் ஓடிய மோனோபிளாக் மோட்டார் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே மாட்டலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. அது வார்ப்பிரும்பு உடம்பு, குளோரின் தண்ணீர் பட்டால் துரு ஏறும், அந்தத் துரு குளத்து டைல்ஸில் பழுப்பாக இறங்கும். இலைதழையைப் பிடிக்கும் கூடையும் அதில் கிடையாது. குளத்து பம்புக்குப் பிளாஸ்டிக் உடம்பு, முன்னால் கூடை, ஒருமுறை தண்ணீர் நிரப்பி மூடினால் தானே காற்றைத் தள்ளிவிட்டு உறிஞ்சும் அமைப்பு எல்லாம் உண்டு. குளத்தை ஒருநாள் காலி செய்ய வேண்டுமானால் பழைய மோட்டாரைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதையும் மழைக்காலத்தில் செய்யாதீர்கள், நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது குளத்தைக் காலி செய்தால் அடியிலிருந்து தண்ணீர் தள்ளித் தரையே விரிசல் விடும்.

பம்ப் குளத்தின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. தினமும் காலையில் போட்டால் தண்ணீர் பிடிக்க ரொம்ப நேரம் ஆகிறது, பிடித்த பிறகும் குளத்துக்குள் குமிழி குமிழியாக வருகிறது. மோட்டார் வீக் ஆகிவிட்டது, மாற்றணும் என்கிறார்கள்.

மாற்றாதீர்கள். இந்த ஒரு தொந்தரவுக்காக நல்ல மோட்டார்கள் எத்தனையோ தூக்கிப் போடப்படுகின்றன. காற்று எங்கோ உள்ளே போகிறது, அவ்வளவுதான். அது பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில்தான் இருக்கும். ஓடும்போது அங்கே தண்ணீர் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

முதலில் குளத்தில் தண்ணீர் ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரை இலைதழையோடு இழுக்கும் சுவர்த் திறப்பு) வாயின் பாதி அளவுக்காவது நிற்கிறதா பாருங்கள். குறைந்தால் அதுவே காற்றை இழுக்கும். சரி, தண்ணீர் இருக்கிறது என்றால் அடுத்தது கூடை மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங். கழற்றி விரலால் தடவிப் பாருங்கள், ஒரு மணல் துகள், ஒரு முடி ஒட்டியிருந்தாலே போதும். தட்டையாகிப் போயிருந்தால் புதுசு போடுங்கள். பூசுவதற்கு சிலிக்கான் கிரீஸ்தான், வாஸ்லின் தடவாதீர்கள், பல ரப்பர்களை அது ஊத வைத்துவிடும். அப்புறம் பம்ப் அடியில் இருக்கும் தண்ணீர் வடிக்கும் திருகு, அப்புறம் யூனியன், அப்புறம் பம்ப் வாயில் திருகி ஏற்றிய அடாப்டர். பம்ப் எப்போதாவது தண்ணீர் இல்லாமல் ஓடிச் சூடாகியிருந்தால் இந்த அடாப்டரின் மரை சுருங்கியிருக்கும், எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றினாலும் நிற்காது. பம்ப் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஷேவிங் நுரையைத் தடவுங்கள். எந்த இடத்தில் நுரை உள்ளே இழுபடுகிறதோ அதுதான் ஓட்டை.

எல்லாம் சரி செய்த பிறகு, பம்ப் மேலே இருப்பதால், உறிஞ்சும் குழாயில் ஒரு என்ஆர்வி (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டுவிடுங்கள். இரவில் தண்ணீர் இறங்காது.

எங்களுக்குக் கூடை சுத்தமாகத்தான் இருக்கிறது, ஃபில்டரையும் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) செய்துவிட்டோம். ஆனாலும் பங்குனியிலிருந்து தண்ணீர் வேகமே இல்லை. பம்பிலிருந்து கரகரவென்று சத்தம் வேறு.

குளத்துப் பக்கத்தில் வேப்பமரம் இருக்கிறதா? இருந்தால் விடை அதுதான். வேப்பம்பூ கூடையின் ஓட்டையை விடச் சின்னது. கூடையைத் தாண்டிப் போய், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் இதழ்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும், நாலைந்து நாளில் கெட்டியாக அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கும்.

ஃபில்டர் மேல் இருக்கும் பிரஷர் கேஜைப் பார்க்கப் பழகிக்கொண்டால் இதைப் பத்து வினாடியில் சொல்லிவிடலாம். தண்ணீர் வேகம் குறைந்து முள்ளும் கீழே இருந்தால் அடைப்பு பம்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. வேகம் குறைந்து முள் மேலே ஏறியிருந்தால் ஃபில்டரில் அழுக்கு. கரகர சத்தம் வருவது, தண்ணீர் போதாமல் பம்புக்குள் ஆவிக்குமிழிகள் உருவாகி உடைவதால். கூழாங்கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி கேட்கும். அப்படியே விட்டால் இம்பெல்லரை அரித்துவிடும்.

சுவிட்சை மட்டும் நம்பாமல் எம்சிபியையே இறக்குங்கள். இரண்டு பக்க வால்வையும் மூடி, மூடியைத் திறந்து, கூடையை வெளியே எடுங்கள். உள்ளே கைவிட்டால் பின்பக்கம் ஒரு வட்டத் துவாரம் தட்டுப்படும், அதுதான் இம்பெல்லரின் வாய். கொக்கி மாதிரி வளைத்த கம்பியால் மெதுவாகக் கிண்டினால் கறுப்பாக நார்நாராக வரும். வெள்ளைப் பிளாஸ்டிக் சில்லு வந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள், இதழே உடைந்திருக்கிறது. பூ உதிரும் மாதங்களில் ஸ்கிம்மர் கூடைக்குப் பழைய நைலான் ஸ்டாக்கிங் ஒன்றை மாட்டி, தினமும் உதறி விடுங்கள்.

பேக்வாஷ் வாரம் ஒருமுறை செய்யணுமா?

நாள் கணக்கு வேண்டாம். ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது முள் நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் செய்யுங்கள், வெளியேறும் தண்ணீரைக் காட்டும் சின்னக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை, பொதுவாக இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் அரை நிமிடம் ரின்ஸ். பம்ப் ஓடும்போது மட்டும், ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ் என்று மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் திருப்பவே கூடாது, உள்ளே இருக்கும் கேஸ்கெட் பிய்ந்துவிடும்.

அடுக்குமாடிச் சங்கத்திலிருந்து எழுதுகிறேன். மோட்டார் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை, பிறகு டிரிப் ஆகிறது. ரீவைண்டிங் (மோட்டாருக்குள் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது) என்கிறார்கள்.

ரீவைண்டிங்குக்கு முன் ஒரு சோதனை. கரண்டை முழுதாக நிறுத்திவிட்டு, மோட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். லேசாகச் சுற்றினால், சிங்கிள் பேஸ் மோட்டாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டரை. மேலே அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபேரட், வோல்ட் அளவிலேயே புதுசு போட வேண்டும். மோட்டார் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் கரண்ட் நிறுத்திய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும். ஷாஃப்ட் சுற்றவே இல்லை என்றால் இம்பெல்லரில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது.

த்ரீ பேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. லைனில் வேலை நடந்த மறுநாள் பம்ப் நன்றாக ஓடியும் தண்ணீர் வேகம் இல்லை என்றால், பேஸ் மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். இரண்டு வயரை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது.

மோட்டாரும் பம்பும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. எம்-சீல் வைத்து அடைக்கலாமா?

கூடாதும்மா. அது மெக்கானிக்கல் சீல் (ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் பாகம்) தேய்ந்த அடையாளம். தண்ணீர் சொட்டத்தான் அங்கே வழி விட்டிருக்கிறார்கள், அதை அடைத்தால் தண்ணீர் ஷாஃப்ட் வழியாக மோட்டாருக்குள் போய் முன் பேரிங்கைத் தின்றுவிடும். கிறீச்சென்று சத்தம் வந்த பிறகு பார்த்தால் செலவு பல மடங்கு. சீல் மாற்றும்போது பளபளப்பான முகத்தில் மெக்கானிக்கின் விரல் படக் கூடாது, சுத்தமான துணியால் பிடித்து, சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றச் சொல்லுங்கள். சீல் சீக்கிரம் போவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர் இல்லாமல் ஓட்டுவது. டைமரில் விட்டுவிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போகிறவர்கள் கோடையில் தண்ணீர் மட்டம் இறங்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பில் தாங்கவில்லை. பம்பை எத்தனை மணி நேரம் ஓட்டணும்? வேரியபிள் ஸ்பீட் வாங்கலாமா?

1 ஹெச்பி பம்ப் மணிக்கு 1 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். தினம் 8 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டும். முன்னால் சொன்னபடி பம்பும் குளமும் பொருந்தியிருந்தால் வீட்டுக் குளத்துக்கு 6 மணி நேரம் போதும், நிறையப் பேர் குளிக்கும் நாளில் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேரியபிள் ஸ்பீடைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் வாங்குங்கள் என்பேன். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், ஆனால் சக்தி எட்டில் ஒரு பங்காக இறங்கும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் கணக்குப்படி கால் பங்கு கரண்ட்தான், நடைமுறையில் கொஞ்சம் கூடும். மெதுவாகப் போவதால் மணலும் நன்றாக வடிகட்டும். பேக்வாஷுக்கு மட்டும் முழு வேகம் வையுங்கள்.

குளோரின் டப்பாக்களைப் பம்ப் அறையிலேயே வைக்கிறோம், பரவாயில்லையா?

உடனே வெளியே எடுங்கள். அந்த ஆவி மோட்டார், பேனல், டெர்மினல் எல்லாவற்றையும் அரிக்கும். அதை விட ஆபத்து, ப்ளீச்சிங் பவுடரும் டிரைகுளோர் மாத்திரையும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். ஒரே கரண்டியைக்கூட இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

மழையில் பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இப்போது வடிந்துவிட்டது, போட்டுப் பார்க்கலாமா?

போடவே போடாதீர்கள். மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து, மெகர் என்ற சோதனைக் கருவி வைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகுதான். புதிதாக அறை கட்டுகிறவர்கள் பம்ப் பீடத்தை உயர்த்துங்கள், அறைக்குள் வடிகால் வையுங்கள்.

குளத்தின் அடியில் ஒரே ஒரு டிரெயின், மூடியில் ஒரு ஸ்க்ரூ இல்லை, ஆடுகிறது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள். பயப்படணுமா?

பயப்பட வேண்டும். அதைச் சரி செய்யும் வரை யாரையும் குளத்தில் இறக்காதீர்கள். அமெரிக்காவில் 2002இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி சூடுநீர்த் தொட்டியின் டிரெயின் உறிஞ்சியதில் சிக்கி இறந்தாள். பெற்ற தாய் இழுத்தும் விடுவிக்க முடியவில்லை. 2007இல் அவள் பெயரிலேயே அங்கே டிரெயின் மூடிகளுக்குச் சட்டம் வந்தது. சாதாரண பம்பின் உறிஞ்சலே ஒரு குழந்தையைப் பிடித்து வைக்கப் போதும், நீண்ட கூந்தல் என்றால் இன்னும் மோசம்.

உடைந்த மூடியை, முடியோ உடம்போ சிக்காத குவிந்த வகையாக மாற்றுங்கள். ஒரே டிரெயின் இருந்தால், குறைந்தது 1 மீட்டர் தள்ளி இன்னொன்று வைத்து, நடுவில் வால்வு இல்லாமல் இரண்டையும் ஒரே குழாயில் சேர்க்க வேண்டும், ஒன்று அடைபட்டாலும் மற்றது உறிஞ்சும். அதுவரை அடி டிரெயின் வால்வை மூடி ஸ்கிம்மரில் மட்டும் ஓட்டுங்கள், குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது அதுகூட வேண்டாம். பம்ப் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) நல்ல எர்த்தும் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். குளத்தருகே கண்ணில் படும் இடத்தில் பம்பை நிறுத்த ஒரு சிவப்பு சுவிட்ச் வையுங்கள், அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். யாராவது சிக்கிக்கொண்டால் முதலில் அதை அமுக்குங்கள், இழுப்பது அதற்குப் பிறகு.